ஆகாய விமானத்துக்குத் தகரத்தினின்று எரிநெய் வார்த்தல்

1932-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள் காலையில், கராச்சி நகரத்தினின்று ஒற்றை எஞ்சினுடைய சிறு விமானம் ஒன்று தபால் மூட்டையைச் சுமந்து எழுந்தது. அதனைத் தாமே ஓட்டி வந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. விமானம் 'பஸ் மாத்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஆமதாபாத்தில் இறங்கி, எரிநெய் நிரப்பிக் கொண்டு, பிற்பகலில் பம்பாய் ஜுஹுவை அடைந்தது. அங்கிருந்து சென்னைக்குரிய தபாலை நெவில் வின்சென்ட் என்பார் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். இந்தியர் முயற்சியால் நடைபெற்ற முதல் விமானத் தபால் இதுவே என்று நூல்கள் கூறும்.

இவ்வரலாற்றில் எம் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு செய்தி. ஆமதாபாத்தில் அவ்விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல், நான்கு காலன் தகரங்களில் அடைக்கப் பெற்று, ஒரு மாட்டு வண்டியில் வந்து சேர்ந்ததாம். கேட்டவர் நகைப்பர், யாமும் முதலில் நகைத்தோம். மணிக்கு நூறு மைல் பறக்கும் யந்திரம், மணிக்கு இரண்டு மைல் நடக்கும் காளைகளை நோக்கிக் காத்திருந்த காட்சி நகைப்புக்குரியதே. ஆயினும் சிறிது எண்ணிப் பார்த்தவிடத்து வேறொரு வினா எழுந்தது. அத்தகரத்தினுள் இருந்த பெட்ரோல், தூசியும் நீரும் தீப்பொறியும் கலவாமல் விமானத்தின் இறக்கைக்குள் எங்ஙனம் சென்றது? இவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தகரம் எம்மனோர்க்குப் புதிய பொருளன்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் பிறந்து வளர்ந்தவர் எவரும் எண்ணெய்த் தகரத்தை அறிவர். மண்ணெண்ணெய் வந்த தகரத்தின் மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையைப் பொருத்தி, தண்ணீர் சுமந்தவர் நம் பாட்டிமார். மளிகைக் கடைகளில் நல்லெண்ணெய் இன்றும் தகரத்தினின்றே புனல் வழியாகப் புட்டிக்கு இறங்குகின்றது. கடைக்காரர் தகரத்தைத் திறக்கும் முறையைக் கூர்ந்து நோக்கியிருப்பீர்களாயின் ஒன்று புலப்படும்: அவர் ஒரு துளை இடுவதில்லை, எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளை இடுவார். ஒன்றன் வழியே எண்ணெய் வெளிவரும். மற்றொன்றன் வழியே காற்று உட்புகும். ஒரே துளையாயின், எண்ணெய் வெளிவரவும் காற்று உட்செல்லவும் ஒரு வாயிலுக்கே போராடி, 'குளுக் குளுக்' என்று விட்டுவிட்டு வழிந்து, புனலுக்கு வெளியே பாதி சிந்தும். எண்ணெய் சிந்தினால் தரை வழுக்கும். பெட்ரோல் சிந்தினால் உயிருக்கே தீங்கு நேரும். எனவே, தகரத்தினின்று வார்க்கும் கலையின் முதற்பாடத்தை நம் மளிகைக் கடையே கற்பிக்கின்றது.

ஒரு வாய் மட்டுமே உள்ள தகரமாயின் என் செய்வது? அதற்கும் வழி உண்டு. வாய் ஒரு மூலையில் இருப்பின், அம்மூலை கீழாக வருமாறு சாய்த்தல் பெரும்பாலோர் செய்யும் பிழை. வாய் மேற்புறமாக இருக்குமாறு தகரத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால், பெட்ரோல் வாயின் கீழ்ப்பாதியால் ஒழுக, மேற்பாதியால் காற்று உட்செல்லும். ஒழுக்கும் ஒரே சீராக விழும். இதனை நீர் நிறைத்த தகரம் ஒன்றைக் கொண்டு எவரும் முற்றத்தில் சோதித்துப் பார்க்கலாம். யாம் சோதித்தோம்; பிழையான முறையில் சாய்த்தபோது எம் கால்கள் இரண்டும் நனைந்தன.

நான்கு காலன் என்பது ஏறத்தாழ 18 லிட்டர். பெட்ரோல் நீரினும் இலேசானது; ஒரு லிட்டரின் எடை முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு தகரத்துப் பெட்ரோல் 13 கிலோ அளவில் நிற்கும். பஸ் மாத் விமானத்தில் இறக்கை உடலின் மேற்புறத்தே அமைந்தது. எரிநெய்த் தொட்டிகளும் இறக்கையினுள்ளேயே இருந்தன. ஆதலின் வார்ப்பவன் 13 கிலோச் சுமையைத் தலைக்கு மேல் உயர்த்திச் சிந்தாமல் சாய்க்க வேண்டியவனாயிருந்தான். ஏணியும் உறுதியான கையும் இன்றியமையாதன என்பதனை இனி விரிக்க வேண்டா.

நீரினும் இலேசானது என்று கூறிய அவ்வொரு பண்பே இப்பாடத்தின் உயிர்நிலை. நீரும் பெட்ரோலும் ஒரு கலத்திலிருப்பின் நீர் அடியில் தங்கும். விமானத் தொட்டியினின்று எஞ்சினுக்குச் செல்லும் குழாயோ தொட்டியின் அடியினின்றே புறப்படுவது. ஆகவே, தொட்டியுள் புகுந்த நீர் எதுவாயினும் எஞ்சினுக்கு முந்திச் செல்லக் காத்திருப்பதாகும். நீர் எரியாது, எஞ்சின் அடங்கும். இதன் பொருளை யாம் நூலின்வழி அறிந்ததோடன்றி நேரிலும் உணர்ந்தோம்.

சென்ற ஐப்பசியில் எம் சிற்றப்பாவுடன் ஸ்ரீவில்லிபுத்தூரினின்று இராஜபாளையத்துக்கு மோட்டார் சைக்கிளில் சென்றோம். புறப்படும்போது பெட்ரோல் குறைவாயிருக்கக் கண்டு, வீட்டுக் கொட்டகையில் நெடுநாள் கிடந்த பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் எஞ்சியிருந்த பெட்ரோலைத் தகரம் கவிழும்வரை முழுதும் ஊற்றிக் கொண்டோம். வழி ஏறத்தாழ ஏழு மைல். அதில் பாதி கடக்குமுன் வண்டி இருமி, விக்கி, நின்றது. மேற்கே மலை முழுதும் மேகம், சாலையில் சாரல். ஒரு புளியமரத்தடியில் வண்டியைத் தள்ளி நிறுத்தி, மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைக் கழற்றி, வடிந்ததை ஒரு புட்டி மூடியில் ஏந்திக் காட்டினார். அம்மூடியினுள் முத்துப்போலத் திரண்டு உருண்டன சில நீர்த்துளிகள். "இவ்வளவுதான் தம்பி" என்றார். அவ்வளவுதான்! ஒரு தேக்கரண்டி அளவும் இராது. பாதி நிறைந்த தகரத்தினுள் இருந்த ஈரக்காற்று, இரவின் குளிர்ச்சியால் நீராகி நாடோறும் சிறிது சிறிதாய் அடியிற் சேர்ந்திருக்க, அந்த அடியையும் விடாமல் ஊற்றியது எம் குற்றம்.

யாம் புளியமரத்தடியில் நின்றோம். ஆயிரம் அடி உயரத்தில் இதுவே நிகழ்ந்திருப்பின் நிற்பதற்கு மரநிழல் ஏது? எரிநெய் வார்த்தலை யாம் கற்கத் தொடங்கியது அன்று முதல் என்று கூறின் பொய்யாகாது.

நீரை விலக்கும் முறைகள் சில. முதலாவது, பொறுமை. தகரத்தை வண்டியில் ஏற்றிக் குலுக்கிக் கொண்டு வந்தால் அடியில் இருந்த நீரும் துருவும் எங்கும் கலந்துவிடும். எனவே இறக்கி வைத்து அசையாமல் விடவேண்டும். விமானப் பெட்ரோலாயின், ஓர் அடி ஆழத்துக்குக் கால்மணி நேரம் தெளியவிடுதல் தொழிலறிந்தோர் வழக்கம். (ஆமதாபாத்து மாட்டு வண்டி மெல்ல வந்ததும் ஒருவகையில் நன்றே போலும்.) இரண்டாவது, தகரத்தை முற்றக் கவிழ்க்காது, அடியில் சிறிது எஞ்ச விடுதல். மூன்றாவது, வடிகட்டுதல். இதுவே சுவை மிக்கது.

பழைய விமானிகள் புனலின் வாயில் ஷாமாய்த் தோல் என்னும் மென்தோலை விரித்து அதன் வழியே பெட்ரோலை ஊற்றினர். ஷாமாய் என்பது ஐரோப்பாவின் மலைமுகடுகளில் வாழும் ஒருவகை ஆட்டினம். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைமேல் வாழ்வதும், சங்கப் புலவர் வருடை என்று குறித்ததுமாகிய வரையாட்டுக்குத் தூரத்து உறவென்னலாம். இந்நாளில் அப்பெயரால் விற்பது பெரும்பாலும் எண்ணெயிட்டுப் பதப்படுத்திய செம்மறியாட்டுத் தோலே. இத்தோலை முதலில் பெட்ரோலில் நனைத்தால், அதன் நுண்துளைகள் யாவும் பெட்ரோலை உறிஞ்சி நிறையும். பின்னர் மேலே ஊற்றும் பெட்ரோல் தன் இனத்தோடு இனமாய் உட்புகுந்து கீழிறங்கும். நீரோ பெட்ரோலொடு கலவாமையானும், துளியாகத் திரளும் இயல்புடைமையானும் அத்துளைகளுள் நுழையமாட்டாது தோலின்மேல் உருண்டு நிற்கும். வியப்பு யாதெனின், அதே தோலை முதலில் நீரில் நனைத்துவிட்டால் இம்முறை தலைகீழாகும் என்பது. அப்பொழுது நீர் தாராளமாய் இறங்கும். ஆகவே தோலைத் தண்ணீரில் அலசி உலர்த்தி வைப்போம் என்று எண்ணுவது பேதைமை. அன்றியும், தோலைப்போல் தோன்றும் செயற்கைத் துணிகள் கடைகளில் மலிந்துள்ளன. அவை நீரைத் தடுக்கமாட்டா. தோலினின்று உதிரும் நூலிழைகளும் ஒரு குறையே. இக்காரணங்களால் இந்நாளைய விமானிகள் நீரை ஒட்டவிடாத பூச்சுப் பூசிய நுண்வலை பொருத்திய புனல்களை மிகுதியும் கையாளுகின்றனர்.

வார்த்து முடிந்த பின்னும் சோதனை முடிவதில்லை. சிறிது நேரம் கழித்து, தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் சிறிது பிடித்து வெளிச்சத்தில் நோக்க வேண்டும். நீர் இருப்பின் அடியில் தனியே கோடு தெரியும். இங்கே ஒரு கண்கட்டு உண்டு: பிடித்தது முழுதும் நீராகவே இருந்தால் கோடே தெரியாது, தூய பெட்ரோல் போலவே தெளிந்து நிற்கும்! இதனால் ஏமாந்தோர் பலர். விமானப் பெட்ரோலுக்கு நீலச்சாயம் ஊட்டியிருப்பதனால் நிறத்தைக் கொண்டு தெளியலாம். ஐயம் எழின் ஒரு துளி நீரைத் தாமே விட்டுப் பார்க்கலாம். அத்துளி தனித்து அடியில் இறங்கின் குப்பியில் உள்ளது பெட்ரோல். மறைந்து போயின் குப்பியில் உள்ளது நீர்.

சாலையோர நிலையங்களில் விற்கும் பெட்ரோலை விமானத்துக்கு இடலாமோ என்று வகுப்புத் தோழர் ஒருவர் வினவினார். அதற்கென அமைந்த சில சிறு எஞ்சின்கள் உண்டு. ஆயினும் இந்நாளில் நம் நாட்டுப் பெட்ரோலில் 100-க்கு 20 பங்கு வரையில் எத்தனால் என்னும் சாராயம் கலந்திருக்கின்றது. எத்தனால் நீரை நாடும் இயல்புடையது. சிறிது நீர் சேர்ந்தால் அதனைத் தன்னுள் மறைத்துக் கொள்ளும். தெளியவிட்டாலும் அது பிரியாது. அளவு மிகுந்தவுடனோ எத்தனாலும் நீரும் கூடி ஒரே முறையாய்ப் பிரிந்து அடியில் இறங்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் சில பிசின்களையும் அது கெடுக்கவும் வல்லது. ஆதலின் எஞ்சினைச் செய்தோர் அனுமதித்தாலன்றி அதனை இடலாகாது. எத்தனால் உண்டா என்பதை அறிவதும் எளிது. நீண்ட கண்ணாடிக் குழாயில் அளவாய் நீர் விட்டு, நீர்மட்டத்தில் கோடு கிழித்து, மேலே பெட்ரோலை ஊற்றிக் குலுக்கித் தெளியவிட்டால், எத்தனால் நீரோடு சேர்ந்து கொள்ளும். நீர்மட்டம் கோட்டினும் உயர்ந்து தோன்றும். விமானத்துக்கென்றே செய்யும் பெட்ரோலோ நெடுங்காலம் நம் நாட்டுக்கு வெளியினின்றே வந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் இந்தியன் ஆயில் நிறுவனத்தார் குஜராத்துச் சுத்திகரிப்பு ஆலையில் அதனைச் செய்து வருகின்றனர்.

இனித் தீயைப் பற்றி. பெட்ரோல், உறைநிலைக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடுவது. எம்மூர்ச் சித்திரை வெயிலில் அது எவ்வளவு விடும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. அவ்வாவி காற்றினும் கனமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். பத்தடி அப்பால் இருப்பவர் கொளுத்தும் சுருட்டும் அதற்குத் தொலைவன்று.

சுருட்டை விலக்கலாம், கண்ணுக்குத் தெரியாத பொறியை என் செய்வது? திரவம் ஒரு குழாயிலோ வடிகட்டியிலோ உராய்ந்து ஓடும்போது மின்னூட்டம் பிறக்கின்றது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுத்த விளையாட்டே இது. விமானம் ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்பதால் அதன்கண் சேர்ந்த மின்னூட்டம் நிலத்துக்கு எளிதில் இறங்காது. தகரத்துக்கு ஓரளவும் விமானத்துக்கு மற்றோர் அளவும் மின்னூட்டம் இருக்க, இரண்டும் தொட நெருங்குமிடத்தில் ஒரு சிறு பொறி தாவும். அஃது எங்கே தாவுகின்றது? ஆவி திரண்டிருக்கும் தொட்டியின் வாயிலில்! நம் விரல்நுனியால் உணரமுடியாத அளவு சிறிய பொறியும் அவ்வாவியைப் பற்றவைக்கப் போதுமானது. நீரையும் தூசியையும் தடுக்கும் நுண்வடிகட்டி மின்னூட்டத்தை மிகுவிக்கின்றது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. ஒரு தீமையைத் தடுக்கும் கருவியே மற்றொன்றை வளர்க்கின்றது.

இதற்கு மருந்து ஒரு செப்புக் கம்பியே. விமானத்தின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியையும் தகரத்தையும் புனலையும் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், எல்லாவற்றின் மின்னிலையும் ஒன்றாகும்; பொறி தாவ இடமில்லை. இதில் முறைவைப்பே பெரிது. எல்லா மூடிகளையும் திறப்பதற்கு முன்னரே கம்பியை இணைக்க வேண்டும். எல்லா மூடிகளையும் மூடிய பின்னரே கழற்ற வேண்டும். வார்க்கும்போது புனல் தொட்டியின் வாயைத் தொட்டுக் கொண்டிருத்தல் வேண்டும். வீட்டுப் பிளாஸ்டிக் புனலும் பிளாஸ்டிக் குடமும் ஆகா என்பதன் காரணமும் இங்கே விளங்கும்: பிளாஸ்டிக்கின் மேல் சேர்ந்த மின்னூட்டத்தைக் கம்பி கட்டி இழுத்துவிட முடியாது. மின்சாரத்தைக் கடத்துமாறு தனியே செய்த கரிய பிளாஸ்டிக் புனல்கள் இதற்கு விலக்கு. தகரத்தை நிரப்பும்போதும் அதனை வண்டியின்மேல் வைத்து நிரப்பாது, இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். வெப்பத்தால் பெட்ரோல் விரிதற்குச் சிறிது வெற்றிடமும் விட வேண்டும்.

தகரத்தின் வரலாற்றையும் சிறிது நோக்குவோம். ஆங்கிலேயர் கையாண்ட நான்கு காலன் தகரம் மெல்லியது. பற்றவைத்த இடங்களில் எளிதில் கசிவது. இரண்டாம் உலகப்போரில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பெட்ரோலில் 100-க்கு 30 பங்கு வழியிலேயே வீணாயிற்றென்று தளபதி ஆக்கின்லெக் கணக்கிட்டாராம். ஜெர்மானியரோ 1937-ஆம் ஆண்டளவில் 20 லிட்டர் கொள்ளும் உறுதியான எஃகுக் கலம் ஒன்றை அமைத்திருந்தனர். அதற்குப் பிடி மூன்று: நிறைந்ததை இருவர் இருபுறமும் பற்றவும், வெறுங்கலங்களாயின் ஒருவரே ஒரு கையில் இரண்டைத் தூக்கவும் உதவும். மூடி, நெம்புகோலால் ஒரே அழுத்தில் இறுகும். கலத்தோடு பிணைந்திருப்பதால் தொலையாது. வாயினுள்ளே காற்று உட்செல்லத் தனிக் குழாய் உண்டு. நம் மளிகைக் கடைக்காரரின் இரண்டாம் துளை இதுவே! நிறைந்த கலத்திலும் காற்றுக்கு இடம் இருந்தமையால் நீரில் மிதக்கவும் செய்தது.

இக்கலத்தின் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1939-ஆம் ஆண்டில் பால் பிளைஸ் என்னும் அமெரிக்க எஞ்சினீயர், ஜெர்மானிய நண்பர் ஒருவரோடு பெர்லினினின்று இந்தியாவுக்குத் தரைவழியே மோட்டாரில் புறப்பட்டார். வழியில் தண்ணீர் வைக்கக் கலம் வேண்டி, டெம்பெல்ஹோப் விமான நிலையத்துச் சேமிப்பினின்று இவற்றில் மூன்றை நண்பர் எடுத்து வந்தார். நண்பர் இடைவழியில் தாய்நாட்டுக்கு அழைக்கப்பட்டுப் பிரியும்போது கலத்தைச் செய்யும் விவரங்களைப் பிளைஸிடம் தந்து சென்றாராம். பிளைஸ் கலங்களோடு கல்கத்தாவை அடைந்தார். பின்னர் அமெரிக்காவுக்கு மீண்டு அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். அவர்கள் முதலில் செவிசாய்க்கவில்லை. பின்னர்ச் செய்தபோதும் நெம்புகோல் மூடியையும் பற்றவைப்பையும் மாற்றிக் கசியவைத்தனர். ஆங்கிலேயர் பகைவரிடம் கைப்பற்றிய கலங்களைப் பார்த்து அவ்வண்ணமே செய்து கொண்டனர். நல்ல பாத்திரத்தைப் பகைவனிடமிருந்தும் கற்றுக் கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

எம் கல்லூரி ஆலயத்தில் பத்துக் கன்னிகைகளின் உவமையைக் கேட்கும்போதெல்லாம், புத்தியுள்ள ஐவரும் தீவட்டியோடு பாத்திரத்தில் எண்ணெயும் கொண்டு சென்றமை எம் நினைவுக்கு வரும். அவர்கள் அப்பாத்திரத்தின் அடியைச் சோதித்தனரோ என்று கேட்கும் குறும்பு இப்பொழுது எமக்கு வந்துவிட்டது. விளையாட்டாகச் சொல்லவில்லை. மிஷன் ஊழியத்தில் சிறு விமானங்கள் 1940-களின் நடுவினின்று காட்டுநிலங்களுக்குப் பறந்து வருகின்றன. அங்கெல்லாம் எரிநெய் பீப்பாயினும் தகரத்தினுமே காத்திருக்கும். ஈக்குவடார் நாட்டில் விமானம் ஓட்டி 1956-ஆம் ஆண்டில் இரத்தசாட்சியாய் மரித்த நேட் செயின்ட் என்பவர், எரிநெய் வரும் வழி அடைபட்டு எஞ்சின் நின்றால் என் செய்வதென்று எண்ணி, கார்புரேட்டரை நாடாமல் தனித்தொட்டியினின்று எஞ்சினுக்கு நேரே எரிநெய் செல்லும் மாற்று வழியொன்றைத் தம் கையாலேயே அமைத்தார்.

தமிழ் மாணாக்கராகிய யாம் சொல்லாராய்ச்சி சிறிதுமின்றி முடித்தால் ஆசிரியர் பொறார். எள்ளின் நெய் எண்ணெய். அப்பெயர் பொதுவாகி, மண்ணினின்று வந்தது மண்ணெண்ணெயாயிற்று. பெட்ரோலை யாம் இங்கு எரிநெய் என்றும் எழுதினோம். கடைவீதியில் அச்சொல்லைக் கூறினால் எவரும் தரமாட்டார். பெட்ரோல் என்றே கேட்க வேண்டும்.

எம் இரண்டு ஊர்களிலும் விமான நிலையம் இல்லை. வடக்கே மதுரையில் உண்டு. தெற்கே கயத்தாற்றருகில் இரண்டாம் போர்க்காலத்து ஓடுபாதை கேட்பாரற்றுக் கிடக்கின்றது. சென்ற விடுமுறையில் சிற்றப்பா ஒரு புதிய எஃகுக் கலம் வாங்கி வந்தார். பழைய தகரத்தை வெட்டி, துளசிச் செடி வைக்கவென்று அடுத்த வீட்டுப் பாட்டியார் கொண்டு போயினார்.